விசில் ஊதினதும் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியராகப் படிக்கும் பி.பி.எட். மாணவர்கள் டீச்சிங் பிராக்டிஸுக்கு வருவார்கள். காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிகளுக்கு இது பழக்கமான விஷயம். அழகப்பா பல்கலைக்கழகத்து உடற்கல்வியியல் கல்லூரி இங்கேயே இருக்கிறது, வெளியூர்க் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் சொந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். டிராக் சூட், கழுத்தில் புது விசில், கையில் லெசன் பிளான் ரெக்கார்டு. அவர்கள் எடுக்கும் வகுப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பி.டி. மிஸ்ஸான என் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிப்பவர்களின் தொடர்புத் திறனை, அதாவது கம்யூனிகேஷனை, அளப்பது அவருடைய தலைப்பு. வினாத்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கிப் போகத்தான் வந்தார். "பத்து நிமிஷம்தான் அக்கா, டிக் அடிச்சுக் கொடுத்தாப் போதும்" என்றார். அந்தப் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் நானும் மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு அவருக்காகத் தாள் நிரப்பும்படி ஆயிற்று. அதற்கப்புறம் இதே மாதிரித் தலைப்பை எடுத்த எம்.பி.எட்., பிஎச்.டி. பிள்ளைகள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை விட எழுதியே வைத்துவிடலாம்.

காரைக்குடியில் பேச்சு என்றாலே மேடைப் பேச்சுதான். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இந்த ஊரில். பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன குன்றக்குடி அடிகளாரின் மடம் கூப்பிடு தூரத்தில். பள்ளி ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்குக் கோப்பை வாங்கும் பிள்ளைக்கு விழுகிற கைதட்டு, மாவட்ட அளவில் ஓடி ஜெயித்த பிள்ளைக்கு விழாது. அந்த வருத்தம் எனக்கு உண்டு, அது வேறு கதை. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பயிற்சி மாணவரிடம் "உங்க கம்யூனிகேஷன் எப்படி?" என்று கேட்டால் பாதிப் பேர் மேடையை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள், மீதிப் பேர் இங்கிலீஷை நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அறுபது பிள்ளைகள் நிற்கும் செம்மண் மைதானத்தை நினைப்பவர் குறைவு.

அந்த ஆராய்ச்சி மாணவர் வந்த ஆண்டு இருந்த பயிற்சி மாணவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். குரல் கணீரென்று இருக்கும், சொல் தடுக்காது. ஆறாம் வகுப்புக்குக் கோகோ சொல்லிக்கொடுக்க வந்தார். ஆட்டத்தின் பெருமை, அதனால் உடம்புக்கு வரும் நன்மை, விதிகள் என்று வரிசையாகச் சொன்னார். கேட்கவே நன்றாக இருந்தது, நான்கூட ரசித்தேன். விசில் ஊதினார். எட்டுப் பிள்ளைகள் போய் நடுக்கோட்டில் உட்கார்ந்தார்கள், எட்டுப் பேரும் ஒரே பக்கம் பார்த்து. ஆளுக்கொரு பக்கம் மாறி மாறிப் பார்த்து உட்கார வேண்டும் என்று அவர் சொல்லத்தான் செய்தார், நன்மைகளுக்கும் விதிகளுக்கும் நடுவில் எங்கேயோ.

இன்னொருவர் கல்லல் பக்கத்துக் கிராமத்துப் பையன். வந்த அன்றே "எனக்குப் பேச வராது மேடம்" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டவர். அவர் பிள்ளைகளை முதலில் உட்காரவைத்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு, "நீ ரோட்டைப் பாரு. நீ தண்ணி டேங்கைப் பாரு. நீ ரோடு. நீ டேங்கு." அவ்வளவுதான், உட்காரும் முறை முடிந்தது. அப்புறம் ஒரு பையனின் முதுகுப் பக்கமாகப் போய்த் தொட்டுக் காட்டி, "பின்னாடி வந்து தொடணும், தொடும்போதே கோ-ன்னு கத்தணும். எப்ப கத்தணும், சொல்லு?" என்று ஒருத்தியிடம் கேட்டார். அவள் சொன்னாள். விசில். ஆட்டம் தொடங்கிவிட்டது.

வினாத்தாளில் யார் அதிகம் வாங்கியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பேச்சாளருக்குக் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். கல்லல்காரர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது பரிதாபமான மதிப்பெண். இங்கிருந்துதான் எங்கள் வேலை உண்மையில் ஆரம்பித்தது.

இந்தத் தலைப்பில் துருக்கியில் நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. உடற்கல்வி மாணவர்களை வைத்தே செய்த ஆய்வுகளும் அவற்றில் உண்டு. அங்கே அதிகம் புழங்கும் அளவுகோல்களில் ஒன்று எர்சான்லி, பால்ஜி என்ற இருவர் 1998இல் உருவாக்கியது. 45 கூற்றுகள். அறிவு, உணர்வு, நடத்தை என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு 15. ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை போடலாம், ஆகவே மொத்தம் 45க்குக் குறையாது, 225க்கு மேல் போகாது. இப்படி ஐந்து படிகளில் பதில் வாங்கும் முறைக்கு வழிகாட்டியவர் ரென்சிஸ் லிக்கர்ட், 1932இல். அந்த ஆராய்ச்சி மாணவத் தம்பி கொண்டுவந்த தாளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். "மற்றவர் பேசும்போது கவனமாகக் கேட்பேன்", "என் கருத்தைத் தெளிவாகச் சொல்வேன்" என்கிற மாதிரிக் கூற்றுகள், பக்கத்தில் ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பது வரை ஐந்து கட்டங்கள்.

தாளில் தப்பில்லை. அதை எப்போது, எங்கே, யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் முதல் தரம் தம்பி வேப்பமரத்தடியில், மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிற நேரத்தில் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர் என்ன போட்டார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிரப்பினார்கள். ஒருவர் நெடுக 5 போட்டுவிட்டு எழுந்து போனார். வாங்கிப் பார்த்தால், "மற்றவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பேன்" என்பதற்கும் எப்போதும், "மற்றவர் முடிக்கும் முன்பே குறுக்கே பேசிவிடுவேன்" என்பதற்கும் எப்போதும். இப்படிப்பட்ட தாள்கள் ஒன்றிரண்டு இல்லை.

எதிர்மறையாக எழுதிய கூற்றுகள் நடுநடுவே இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. ஆகவே உங்கள் தாளில் அவை இருக்கட்டும். எந்த மாதிரித் தாளை ஒதுக்குவது என்ற விதியைத் தாள் கொடுப்பதற்கு முன்பே எழுதி கைடிடம் காட்டிவிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு அப்புறம் ஒதுக்க ஆரம்பித்தால் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வான வைவாவில் பதில் சொல்ல முடியாது. காலை முதல் பீரியடில், வகுப்பறையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்துக் கொடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

இன்னொன்று: நான் கொடுக்கக் கூடாது. டீச்சிங் பிராக்டிஸுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆளே வந்து "உங்க திறமையை நீங்களே மதிப்பிடுங்க" என்றால் யார் தன்னைக் குறைத்துப் போடுவார்கள்? மார்க்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கொடுத்து, உறையில் ஒட்டி வாங்க வேண்டும். பெயர் வேண்டாம். ஆனால் மைதானத்தில் பார்த்ததோடு சேர்த்துப் பார்க்க ஏதாவது அடையாளம் தேவைப்படும். அம்மா பெயரின் முதல் எழுத்தும் தான் பிறந்த தேதியும் சேர்த்து ஒரு குறியீடு என்று பிறகு வைத்துக்கொண்டோம். அவர்களுக்கு மறக்காது, எனக்கும் தெரியாது. மைதானத் தாளிலும் அவர்களே அந்தக் குறியீட்டை எழுதி மடித்து ஒட்டிவிடுவார்கள்.

கூற்றுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். "பேசுபவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவேன்" என்று ஒரு வரி. தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அதற்கு 1 போட்டிருந்தாள். வகுப்பெடுக்கும்போது பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்காதவள். ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "பெரியவங்களை எப்படி மேடம் நேருக்கு நேர் பாக்குறது? எங்க தாத்தாகிட்ட இன்னிக்கும் தரையைப் பாத்துத்தான் பதில் சொல்லுவேன்." பிள்ளைகளிடம்? "பிள்ளைகளைப் பாக்காம எப்படி மேடம் கிளாஸ் எடுக்குறது?" அவளைப் பொறுத்தவரை இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில், தாளில் இருந்தது ஒரு கட்டம். தம்பி அந்த வரியை இரண்டாகப் பிரித்தார், பிள்ளைகளிடம் எப்படி, பெரியவர்களிடம் எப்படி என்று.

வெளிநாட்டில் உருவான அளவுகோலை இங்கே கொண்டுவருகிறவர்கள், இங்கிலீஷில் இருப்பதைத் தமிழாக்கி, வேறொருவரை விட்டுத் திரும்ப இங்கிலீஷாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. பிரிஸ்லின் 1970இல் எழுதியதை மேற்கோள் காட்டுவார்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் இந்தக் கண் விவகாரம் பிடிபடாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருந்தது. நாலைந்து மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி, "இது உனக்கு என்னன்னு படுது? எந்தச் சமயத்தை நினைச்சு டிக் அடிச்சே?" என்று கேட்டால் பிடிபடும். ஒரு மதிய நேரம் போதும்.

அப்புறம் ஆல்ஃபா. க்ரான்பாக் 1951இல் கொடுத்த அந்த எண் 0.70ஐத் தாண்டினால் நம்பகத்தன்மை இருக்கிறது என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான் அதற்குப் பொருள். அவை தொடர்புத் திறனைத்தான் அளக்கின்றனவா என்று ஆல்ஃபாவுக்குத் தெரியாது. எல்லாக் கூற்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்து, ஒருவர் நெடுக 3, இன்னொருவர் நெடுக 5 என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் அதனாலேயே ஆல்ஃபா ஜோராக ஏறும். கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் பெரும்பாலும் ஏறும். ஆல்ஃபா நன்றாக வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

சரி, மைதானத்துக்கு வருவோம். வகுப்பில் நடக்கும் பேச்சைக் குறிக்க ஃப்ளாண்டர்ஸ் முறை பி.எட். படித்த எல்லோருக்கும் தெரியும். பத்து வகை, 3 விநாடிக்கு ஒரு தரம் எந்த வகை என்று குறிக்க வேண்டும். அதை உடற்கல்வி வகுப்புக்கு ஏற்றபடி 1972இல் செஃபர்ஸ் விரித்தார், பேசாமல் கையாலும் உடம்பாலும் சொல்வதையும் சேர்த்து. விளையாட்டுப் பயிற்சியாளர்களின் நடத்தையைக் குறிக்க ஸ்மித், ஸ்மால், ஹன்ட் மூவரும் 1977இல் கொடுத்த 12 வகைப் பட்டியலும் இருக்கிறது. தம்பி செஃபர்ஸ் முறையைத்தான் முதலில் விரும்பினார். செய்து பார்த்தோம். பயிற்சி மாணவர் ஓடுகிறார், பிள்ளைகள் ஓடுகிறார்கள், காற்று அடிக்கிறது, நாம் 3 விநாடிக்கொரு தரம் குனிந்து எழுத வேண்டும். குனிந்தால் நடப்பது தெரியாது, நிமிர்ந்தால் எழுத முடியாது. அதற்கென்று மாதக்கணக்கில் பழகியவர்களுக்குச் சரி. வகுப்பும் பார்த்துக்கொண்டு இதையும் செய்கிற என் மாதிரி ஆட்களுக்கு ஒத்துவராது.

அதனால் பேசுகிறவரைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, கேட்கிறவர்களைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். விளக்கம் முடிந்து விசில் ஊதினதும் எத்தனை பிள்ளைகள் சரியான இடத்தில், சரியான பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்று எண்ணுவது. விளக்கம் எவ்வளவு நேரம் ஓடியது, விசிலுக்கப்புறம் ஆட்டம் உண்மையில் தொடங்க எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பது. நிறுத்தி மறுபடி எத்தனை தரம் சொல்ல வேண்டி வந்தது என்று கோடு போடுவது. பிள்ளைகள் முகத்தில் வெயில் அடிக்கும்படி நிற்கவைத்தாரா, தன் முகத்தில் அடிக்கும்படி நின்றாரா. கடைசி வரிசையிலிருந்து மூன்று பிள்ளைகளை ஆட்டம் முடிந்தபின் தனியே கூப்பிட்டு "சார் என்ன சொன்னாரு?" என்று கேட்பது. ஒரு பக்கத் தாளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

கடைசி வரிசைப் பிள்ளைகள் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் தாளில் "குரல்: மிக நன்று, நன்று, சுமார்" என்று ஒரு வரி வைத்திருந்தோம். நானும் எங்கள் பள்ளி ஆண் ஆசிரியர் ஒருவரும் தனித்தனியாக நிரப்புவோம். ஆண் பயிற்சி மாணவர்கள் விஷயத்தில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒத்துப்போனோம். பெண்கள் வந்தால் முட்டிக்கொண்டது. நான் நன்று போட்ட இடத்தில் அவர் சுமார் போட்டு, ஓரத்தில் "கத்துகிறார்" என்று எழுதியிருப்பார். அதே சத்தத்தில் ஒரு பையன் பேசினால் "கம்பீரம்". அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஊரே அப்படித்தான் கேட்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டுக் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்டதா இல்லையா என்று மாற்றினோம். தகராறு தீர்ந்தது. ஆண், பெண் ஒப்பீட்டை ஆய்வில் வைக்கிறவர்கள் தங்கள் பார்வையாளர்களின் காதையும் கொஞ்சம் சோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டு பேர் பார்ப்பது கட்டாயம். ஒத்துப்போனதை வெறும் சதவீதமாகச் சொன்னால் அது ஏமாற்றும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 50 கட்டளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிவு என்று இருவரும் போட்டது 40, தெளிவில்லை என்று இருவரும் போட்டது 2, மாறிப்போனது 8, அதில் ஆளுக்கு 4. ஒத்துப்போனது 84 சதவீதம், பிரமாதமாகத் தெரியும். ஆனால் இருவருமே 88 சதவீதம் தெளிவு என்றுதான் போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலே ஏறக்குறைய 79 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். கோஹன் 1960இல் கொடுத்த கப்பா இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுச் சொல்லும்: இங்கே 0.24. அதாவது இரண்டு பேரும் சேர்ந்து பெரிதாக எதையும் பார்க்கவில்லை. எங்களுக்கும் முதலில் கப்பா மோசமாகத்தான் வந்தது. எது தெளிவு, எது இல்லை என்று உட்கார்ந்து உதாரணம் வைத்துப் பேசி, நாலு வகுப்புகளைச் சேர்ந்து பார்த்தபின் ஏறியது.

எந்த ஆட்டத்தைக் கொடுப்பது என்பதிலும் கவனம் தேவை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கபடி தெரியும், கோகோ பாதி தெரியும். விளக்கம் சரியில்லாவிட்டாலும் ரெண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் மற்றவர்களை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிடுவார்கள், பெயர் பயிற்சி மாணவருக்குப் போகும். அதனால் யாருக்கும் தெரியாத மாதிரி இரண்டு ஆட்டங்களைக் கலந்து விதி எழுதிக்கொண்டோம். அதையும் ஒரே பிரிவுக்கு இரண்டு பேர் எடுக்கக் கூடாது. முதல் ஆள் சொல்லிக்கொடுத்தது இரண்டாம் ஆளுக்கு லாபமாகிவிடும். ஆறு ஏ, ஆறு பி, ஏழு ஏ என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும், பள்ளி டீமில் ஆடும் பிள்ளைகளைக் கலக்காமல்.

நேரமும் அப்படித்தான். இங்கே பதினோரு மணிக்கு மேல் செம்மண் காந்த ஆரம்பித்துவிடும், பிள்ளைகள் நிழலைத் தேடும், எடுப்பவருக்குத் தொண்டை கட்டும். காலையில் எடுத்தவரையும் மதியம் எடுத்தவரையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள். குறுவட்டப் போட்டி நடக்கிற வாரங்களையும் விட்டுவிடுங்கள், பாதிப் பிள்ளைகள் வகுப்பில் இருக்க மாட்டார்கள், பி.டி. ஆசிரியர்களுக்கும் உங்கள் தாளைப் பார்க்க நேரம் இருக்காது.

டிரில் கட்டளைகளைத் தனியாகப் பார்த்தோம், அது சுலபம். "வலப்பக்கம்" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் "திரும்பு" என்று வெட்டிச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் பிள்ளை யோசிக்கிறது, இரண்டாம் பாதியில் உடம்பு செய்கிறது. இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் சொல்கிறவர் வகுப்பில் திரும்பும் சத்தமே சிதறிக் கேட்கும். நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே யாருக்கு எத்தனை மார்க் என்று சொல்லிவிடலாம்.

தாளில் இல்லாத ஒன்றை ஒரு பிள்ளை விழுந்து கற்றுக்கொடுத்தது. ஓடும்போது கால் மடங்கி ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான். வகுப்பெடுத்தவர் ஓடிப்போய், வலி ஸ்பிரேயைக் குலுக்கி, வலது கணுக்காலில் அடித்து, பிடித்துவிட ஆரம்பித்தார். பையன் அழுதானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பெண் வந்து மண்டியிட்டு, "எங்கடா கண்ணு வலிக்குது, கையை வெச்சுக் காட்டு" என்றாள். அவன் இடது முழங்காலில் கை வைத்தான். முதல் ஆள் நல்லவர், பதறிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் வினாத்தாளில் "மற்றவர் சொல்வதைக் கேட்ட பிறகே செயல்படுவேன்" என்கிற மாதிரி வரிக்கு அவரும் 5தான் போட்டிருப்பார். அன்றிலிருந்து எங்கள் தாளில் ஒரு வரி: பிள்ளைக்கு ஏதாவது என்றால் முதலில் கேட்டாரா, முதலில் தொட்டாரா.

அளக்க முடியாமல் விட்டதும் உண்டு. இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் கபடி ஆடி வளர்ந்தவர்கள். ரைடர் உள்ளே வரும்போது ஓரத்துக் கார்னரில் நிற்பவரும் அவருக்கு அடுத்து 'இன்' என்ற இடத்தில் நிற்பவரும் கையைக் கோத்து நிற்பார்கள். எப்போது பாய்வது என்பது அந்தக் கைப்பிடி இறுகுவதில் போகிறது, வாயைத் திறந்தால் ரைடருக்குத் தெரிந்துவிடும். வாலிபாலில் வலைப் பக்கம் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவதும் அதே ஜாதி. ஏழு பேர் ஒரு வார்த்தை இல்லாமல் ஒரே நொடியில் முடிவெடுக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் டிக் அடித்து இதைக் காட்டுவது? கல்லல் பையன் தன்னைப் பேசத் தெரியாதவன் என்று சொல்லிக்கொண்டானே, அவன் லெப்ட் கார்னர் ஆடுகிறவன்.

இதையொட்டி இன்னொரு தலைவலி. குழு விளையாட்டு ஆடுபவர்களுக்குத் தொடர்புத் திறன் அதிகமா, தனி விளையாட்டு ஆடுபவர்களுக்கா என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு குழுவின் சராசரியையும் ஒப்பிடும் டி-டெஸ்ட் போடுவது எங்கள் துறையில் பழகிப்போன வழி. ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் காசெட் 1908இல் கொடுத்த சோதனை, அதில் குற்றமில்லை. ஆனால் யாரைத் தனி ஆட்டக்காரர் என்பது? 400 மீட்டர் ஓடுகிறவன் தொடர் ஓட்டத்திலும் ஓடுகிறான், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கபடியும் ஆடுகிறான். தம்பியின் பட்டியலில் தனி விளையாட்டு என்று குறித்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டதில், சின்ன வயதிலிருந்து ஏதோ ஒரு டீமில் ஆடாதவர் தேடினாலும் கிடைக்கவில்லை. பிரிக்க முடியாததைப் பிரித்துவிட்டு வித்தியாசம் வந்தது, வரவில்லை என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? எத்தனை ஆண்டு, எந்த ஆட்டம், எந்த இடத்தில் ஆடினார் என்று கேட்டு வாங்குங்கள். ஆள் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை என்றால், இரண்டு குழுவும் சமம் என்று எழுதிவிடாதீர்கள். தெரியும் அளவுக்கு ஆள் இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

வீடியோ எடுத்தால் எல்லாம் சுலபம்தான். பிள்ளைகள் முகம் பதிவாகும், பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் அனுமதி, அதற்கு மேல் அனுமதி என்று போகும், போகத்தான் வேண்டும். நாங்கள் குரலை மட்டும் பதிவு செய்தோம், அதற்கும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான். பயிற்சி மாணவரின் சட்டைப் பையில் போன், மைக் ஓட்டை மேல் மெல்லிய துணி, இல்லாவிட்டால் காற்று மட்டும்தான் கேட்கும். மாலையில் அவர்களையே உட்காரவைத்துப் போட்டுக் காட்டினால் "நான் இவ்வளவு தரம் 'ஏய்'னு சொல்றேனா மேடம்?" என்று அவர்களே கேட்பார்கள். ஆய்வுக்கு உதவியதோ இல்லையோ, அவர்களுக்கு அதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

கடைசியில் தம்பி இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வினாத்தாளில் மேலே இருந்தவர்கள் மைதானத்தில் மேலே இல்லை, கீழே என்றும் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. குழப்பமாக இருக்கிறது, ஒன்றை எடுத்துவிடு என்று அவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. அவர் எடுக்கவில்லை. ஒன்றுக்குத் தன்மதிப்பீடு என்றும் இன்னொன்றுக்குக் களச் செயல்பாடு என்றும் பெயர் வைத்து இரண்டையும் கொடுத்தார். வைவாவில் அதைப் பற்றித்தான் நீண்ட நேரம் கேட்டார்கள் என்று சொன்னார். தன்னைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதும் தெரிய வேண்டிய விஷயம்தான். "பேச வராது" என்று நம்பிக்கொண்டிருப்பவர் வேலைக்கான நேர்முகத்தில் அதே மாதிரி உட்காருவார். அவருக்குத் தேவையான பயிற்சி வேறு, மேடைப் பேச்சுக்காரருக்குத் தேவையானது வேறு.

ஆய்வு முடிந்தும் அந்த ஒரு பக்கத் தாள் எங்கள் பள்ளியில் தங்கிவிட்டது. வருகிற பயிற்சி மாணவர்கள் சீனியர்களிடம் கேட்டு முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருகிறார்கள். அதில் ஒரு வரி, "பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று கேட்டாரா". இப்போது எல்லோரும் தவறாமல் விசிலுக்கு முன்னால் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார்கள், அறுபது பிள்ளைகளும் "புரிஞ்சுது சார்" என்று கத்துகிறார்கள், அப்புறம் ஓடிப்போய் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிறார்கள். இந்த ஆண்டு அந்த வரியை மாற்றியிருக்கிறேன். ஒரு பிள்ளையாவது தன் வாயால் திருப்பிச் சொல்லியிருந்தால்தான் டிக்.